கட்டியவரும் காப்பவரும்

வரலாற்று நூல்களிற் கட்டியவர்களின் பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. கோயில் எடுப்பித்த மன்னன், குளம் தோண்டுவித்த வேந்தன், பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய அமைச்சர் என எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. கட்டப்பட்டதை ஆண்டுதோறும் சுற்றிப் பார்த்து, வெடிப்பை அடைத்து, துருவைச் சுரண்டி, அடுத்த தலைமுறை வரைக்கும் அது நிற்கும்படி செய்தவர்களுக்கு அந்நூல்களில் ஒரு வரியேனும் கிடைப்பதில்லை. இதனை வரலாற்றாசிரியர்களின் மறதி என்று மட்டும் கூறி நாம் அமைதி கொள்ள முடியாது. ஒரு சமுதாயம் எந்த உழைப்பை மதிக்கிறது, எந்த உழைப்பைக் கண்டும் காணாமற் போகிறது என்பதை அது காட்டுகிறது. நம் காலத்தில் அதற்கு மனித உயிர்களே விலையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு பாலத்தின் கதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 ஆம் திகதி, முற்பகல் 11.36 மணி. வட இத்தாலியின் துறைமுக நகராகிய ஜெனோவாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொல்செவெரா ஆற்றின் மேலாகச் சென்ற நெடுஞ்சாலைப் பாலத்தின் ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான பகுதி, அதனைத் தாங்கிய கோபுரத்தோடும் சேர்ந்து சரிந்தது. 45 மீற்றர் உயரத்திலிருந்து கார்களும் லொறிகளும் வீழ்ந்தன. 43 பேர் மாண்டனர். மறுநாள் இத்தாலியருக்குப் பெரு விடுமுறை. குடும்பத்தோடு பயணம் புறப்பட்டவர்களும் வேலைக்கென வண்டியோட்டிச் சென்றவர்களும் மாண்டோருள் இருந்தனர். பாலத்தின் கீழும் அருகிலும் குடியிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். பாலம் திறக்கப்பட்டு ஐம்பத்தோராண்டு நிறைவதற்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன.

அதே இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரியில் பன்தியன் என்னும் கோயில் நிற்கிறது. அதிரியன் என்ற பேரரசனின் காலத்தில், கி. பி. 126 ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. அதன் கூரை 43 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடைய கவிகை. அதுவும் கொங்கிறீற்றினால் ஆனதே. ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் மக்கள் அதன் கீழ் நடமாடுகின்றனர். ஒரே நாட்டில், ஒரே பெயர் கொண்ட பொருளால் ஆன இரண்டனுள் ஒன்று பத்தொன்பது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க, மற்றொன்று ஐம்பதாண்டு கழிந்ததும் வீழ்ந்தமைக்குக் காரணம் யாது?

எளிதான விடை ஒன்று உண்டு. உரோமர் திறமைசாலிகள், நம் காலத்தவர் திறமையற்றவர்கள் என்பதே அது. இவ்விடை தவறானது.

2

உரோமர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து தம் கொங்கிறீற்றைச் செய்தனர். அதற்குள் அவர்கள் இரும்புக் கம்பியை வைக்கவில்லை. கொங்கிறீற்று, கல்லைப் போல, அமுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. ஆகவே பாரம் முழுவதும் அமுக்கமாகவே இறங்கும் வகையில், பருத்த சுவர்களையும் வளைவுகளையும் கவிகைகளையுமே அவர்கள் கட்டினர். அக்கட்டிடங்கள் நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

பின்னர் பல நூற்றாண்டுகள் இக்கலை ஐரோப்பாவிற் பெரும்பாலும் மங்கிக் கிடந்தது. 1756 இல் எடிஸ்ரன் பாறையின் மேல் கலங்கரை விளக்கம் கட்டப் புகுந்த ஜோன் சிமீற்றன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லே நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பைத் தரும் என்பதைச் சோதனையாற் கண்டார். 1824 இல் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் அஸ்ப்டின் என்ற கொத்தர் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1867 இல் பிரான்சிலே ஜோசப் மொனியே என்ற தோட்டக்காரர் பூஞ்சாடிகள் உடையாதிருக்கும் பொருட்டு அவற்றினுள்ளே இரும்பு வலையை வைத்து உரிமை பெற்றார். கல்விக்கழகங்களில் வீற்றிருந்தவர்கள் அல்லர், கையால் வேலை செய்த ஒரு கொத்தரும் ஒரு தோட்டக்காரருமே நவீன உலகின் முதன்மையான கட்டிடப் பொருளுக்கு வழிவகுத்தனர் என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

1892 இல் பிராங்சுவா எனெபிக் என்ற ஒப்பந்தகாரர் கம்பியிட்ட கொங்கிறீற்றை ஒரு முறையான கட்டிட வழியாக வகுத்து, உரிமைப் பத்திரம் பெற்று, நாடு நாடாக முகவர்களை நியமித்து விற்றார். இழுப்பைக் கம்பி தாங்கும். அமுக்கத்தைக் கொங்கிறீற்றுத் தாங்கும். வெப்பத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக விரிவதனால் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. போதாக்குறைக்கு, கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்தும் காக்கிறது. மெல்லிய தளங்களும் நீண்ட பாலங்களும் சாத்தியமாயின. மரம் எரியும், இரும்பு துருப்பிடிக்கும், கொங்கிறீற்றோ எரியவும் மாட்டாது, உழுக்கவும் மாட்டாது என்று விற்போர் கூறினர். கட்டிவிட்டால் அதன் பின் செலவில்லை என்ற நம்பிக்கை இவ்வாறே தோன்றிற்று.

அந்நம்பிக்கை பொய்யென்பதைப் பொறியியலாளர்கள் விரைவிலேயே கண்டனர். பிரான்சில் அலியே ஆற்றின் மேல் வேர்த்ர் என்ற இடத்தில் இயூஜீன் பிரெசினே கட்டிய பாலம் 1911 இல் முடிந்தது. சில மாதங்களில் அதன் வளைவுகள் மெல்ல மெல்லத் தாழத் தொடங்கின. கொங்கிறீற்று நீடித்த பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சுருங்கி வளைந்து கொடுக்கும் என்பதை அன்றைய நூல்கள் கூறியிருக்கவில்லை. பிரெசினே தம் வேலையாட்கள் சிலரோடு சென்று, வளைவின் உச்சியில் தூக்குயந்திரங்களை வைத்துப் பாலத்தை மீண்டும் உயர்த்திக் காப்பாற்றினார். அந்த அனுபவத்தினின்றும் பிறந்த சிந்தனையே 1928 இல் அவர் உரிமை பெற்ற முன்னிறுக்கிய கொங்கிறீற்று ஆகும். பழுது பார்த்தலும் அறிவின் ஊற்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. கட்டியவரே திரும்பி வந்து பார்த்தார், பார்த்ததனாற் கற்றார்.

3

கொங்கிறீற்று எவ்வாறு மூப்படைகிறது? பாடசாலை இரசாயனத்தைக் கொண்டே இதனை விளக்கலாம்.

புதிய கொங்கிறீற்றினுள்ளே கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டு. அதனால் அது கடுங்காரமாக இருக்கிறது. அக்காரத்தில் உருக்குக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்படலம் உண்டாகிக் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்துளைகளின் வழியே புகுந்து அக்காரத்தைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. இம்மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நகர்கிறது. நான்கு ஆண்டுகளில் ஐந்து மில்லிமீற்றர் சென்றால், பதினாறு ஆண்டுகளிற் பத்து மில்லிமீற்றர் செல்லும். கம்பியை அது அடைந்த நாளில் காவற் படலம் அழிகிறது. கடலோரத்திலோ, உப்பிலுள்ள குளோரைட்டு இவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. காரம் குறையாத இடத்திலும் அது படலத்தைத் துளைத்துவிடும்.

அதன் பின் ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தாற் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். உள்ளிருந்து அது தள்ளும்போது கொங்கிறீற்று வெடிக்கிறது; வெடிப்பினூடாக இன்னும் நீர் புகுகிறது; பின்னர் மேலோடு கழன்று வீழ்கிறது. எந்தக் கம்பியை வைத்ததனாற் கொங்கிறீற்று நீண்ட பாலமாயிற்றோ, அந்தக் கம்பியே அதனை உள்ளிருந்து உடைக்கிறது. பன்தியனுக்கும் ஜெனோவாப் பாலத்துக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு இதுவே. நவீன கொங்கிறீற்று கல்லன்று. அது பராமரிப்பை வேண்டி நிற்கும் ஒரு கூட்டுப் பொருள்.

இந்நோயை அறிவதும் மருந்திடுவதும் மனிதருக்குத் தெரியாதவையல்ல. அனுபவமுள்ள தொழிலாளி சுத்தியலாற் சுவரைத் தட்டிக்கொண்டே போவான். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். உடைத்தெடுத்த துண்டில் பினோத்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது நிற்கும். நோய் எவ்வளவு ஆழத்துக்குச் சென்றுவிட்டதென்பதை ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம்.

திருத்தும் வேலைக்கும் ஒழுங்கு உண்டு. கெட்ட கொங்கிறீற்றைக் கம்பியின் பின்புறம் வரையும் உடைத்தெடுத்தல் வேண்டும். கம்பியைப் பளிச்சென்று துலக்கி, தேய்ந்து போனதற்குப் புதுக் கம்பி சேர்த்து, பொருத்தமான சாந்தினால் நிரப்புதல் வேண்டும். வெடிப்பின் மேல் சீமெந்தைப் பூசிவிட்டு வர்ணம் அடிப்பது திருத்தமாகாது. அது நோயை மறைப்பதே. ஒழுங்காகச் செய்த ஒட்டு வேலையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டின் உள்ளே கம்பி காக்கப்படும்போது, ஒட்டின் விளிம்பை அடுத்துள்ள பழைய பகுதியிற் கம்பி முன்னிலும் விரைவாகத் துருப்பிடிப்பதுண்டு. எனவே ஒருமுறை திருத்திவிட்டுப் போய்விட முடியாது. திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

அறிவியல் இதற்கும் வழி தேடிற்று. 1973 இல் கலிபோர்ணியாவில் ஒரு பாலத்தின் தளத்திலுள்ள கம்பிகளுக்குச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித் துருவைத் தடுத்தனர். 1991 இல் சுவிற்சலாந்தின் லுசேர்ண் நகருக்கருகே ஈபாக் பாலத்தில், துளையிடும்போது தவறுதலாக வெட்டுண்ட உருக்கு வடத்துக்கு ஈடாக, அடிப்புறத்திற் காபன் நாரினாலான தகடுகளை ஒட்டினர். 175 கிலோகிராம் உருக்குச் செய்ய வேண்டிய வேலையை ஆறேகாற் கிலோகிராமுக்கும் குறைவான நார்த் தகடு செய்தது. அறிவு பஞ்சப்படவில்லை. அவ்வறிவை எங்கே, எப்போது, யாருக்காகப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

4

மீண்டும் ஜெனோவாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இத்தாலியின் வளர்ச்சிக் காலத்தின் சின்னம் அப்பாலம். 1963 இல் வேலை தொடங்கிற்று. 1967 செப்டெம்பர் 4 இல் சனாதிபதி சரகாத் அதனைத் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ரிக்கார்டோ மொராண்டி. 90 மீற்றர் உயரமான மூன்று கோபுரங்களிலிருந்து சரிவாக இறங்கிய தாங்கு வடங்களே பாலத்தளத்தைப் பிடித்திருந்தன. ஒரு கோபுரத்துக்கு நான்கே தாங்கிகள். ஒன்று அறுந்தால் அதன் பாரத்தை ஏற்க வேறொன்றில்லை. அவ்வுருக்கு வடங்களைக் காக்கும் பொருட்டு மொராண்டி அவற்றைக் கொங்கிறீற்று உறைக்குள் வைத்தார். உறை வடத்தை மூடிற்று. அதனோடு, வடத்துக்கு நேர்வதைப் பார்க்கும் கண்ணையும் மூடிற்று.

பிழையை முதலில் உணர்ந்தவர்களுள் மொராண்டியும் ஒருவர். 1979 இல், பாலத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவரே எழுதினார். கடற்காற்றின் உப்பும் அருகேயிருந்த உருக்காலையின் புகையும் கொங்கிறீற்றின் மேற்பரப்பை எதிர்பார்த்ததைவிட விரைவாக அரிக்கின்றன. துருவை அகற்றி, வெளிப்பட்ட கம்பிகளை மூடி, காப்புப் பூச்சு இட வேண்டும். இவ்வேலையைத் தொடர்ந்து செய்து வர வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் கட்டியதற்கு நோய் உண்டென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருந்தது. 1989 இல் அவர் காலமானார்.

1990 களின் தொடக்கத்தில் பதினோராம் இலக்கக் கோபுரத்தின் தாங்கிகளிற் கடுமையான அரிப்புக் காணப்பட்டது. 1993 அளவில் அத்தாங்கிகளின் வெளிப்புறத்திற் புதிய உருக்கு வடங்கள் கட்டப்பட்டன. பத்தாம் கோபுரத்தின் உச்சிப் பகுதியும் வலுப்படுத்தப்பட்டது. ஒன்பதாம் கோபுரம் அப்படியே விடப்பட்டது. 2018 இல் வீழ்ந்தது அந்த ஒன்பதாம் கோபுரமே. மருந்து என்னவென்று அறிந்து, அதே பாலத்தில் ஒரு கோபுரத்துக்கு இட்டுவிட்டு, அடுத்ததற்குக் கால் நூற்றாண்டு இடாமல் இருந்தனர்.

இடையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. அதுகாறும் அரசுடைமையாயிருந்த நெடுஞ்சாலை நிறுவனம் 1999 இல் தனியாருக்கு விற்கப்பட்டது; பெனெற்றன் குடும்பத்தின் மூலதனம் அதில் முதலிடம் பெற்றது. கட்டணம் செலுத்தாது அச்சாலையிற் செல்ல முடியாது. வேறு சாலைக்கு மாறவும் மக்களுக்கு வழி குறைவு. போட்டியற்ற வருமானம் அது. அத்தகைய தொழிலில் இலாபத்தைப் பெருக்க எஞ்சும் வழிகளுள் ஒன்று செலவைக் குறைத்தல். புதிய கட்டணச் சாவடியை எவரும் காண்பர். பூசப்படாத காப்புப் பூச்சை எவரும் காணார். 1982 க்கும் வீழ்ச்சிக்கும் இடையில் பாலத்தின் கட்டமைப்புத் திருத்தத்துக்குச் செலவான சுமார் 240 இலட்சம் யூரோவில் 98 சதவீதம் 1999 க்கு முன்னரே செலவாகிவிட்டது என வழக்குத் தொடுத்தோர் கணக்குக் காட்டினர்.

2017 இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஒன்பதாம் கோபுரத் தாங்கிகளின் நடத்தை வழக்கத்துக்கு மாறானது என்று அறிவித்தனர். திருத்த வேலைக்குத் திட்டம் தயாராயிற்று. 2018 இற் கேள்விப் பத்திரங்கள் கோரப்பட்டன. வேலை தொடங்குமுன் பாலம் வீழ்ந்தது. ஜெனோவா நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் 2020 இற் கொடுத்த அறிக்கை, ஒன்பதாம் கோபுரத்தின் தாங்கி ஒன்றின் உச்சியில் உருக்கு வடங்கள் அரிப்புண்டமையே மூல காரணம் என்றது. நிறுவன அதிகாரிகளும் அரசாங்க அதிகாரிகளுமாக ஏறத்தாழ அறுபது பேர் மேல் 2022 ஜூலையில் வழக்கு விசாரணை தொடங்கிற்று. தனியொருவரின் குற்றம் எவ்வளவென்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது வேறு. திருத்துவதை நட்டமாகவும் தள்ளிப்போடுவதை இலாபமாகவும் கணக்கிடும் ஏற்பாடு நிலவும் வரை, நல்ல மனிதர்கள் அந்நாற்காலிகளில் அமர்ந்தாலும் விளைவு எவ்வளவு மாறும்?

விற்ற கதையின் முடிவையும் கூறிவிட வேண்டும். 2022 மே மாதத்தில் இத்தாலிய அரசு சார்ந்த நிதி நிறுவனமொன்று, வெளிநாட்டு முதலீட்டாளரோடு சேர்ந்து, அந்நெடுஞ்சாலை நிறுவனத்தின் 88 சதவீதப் பங்கை ஏறத்தாழ எண்ணூறு கோடி யூரோ கொடுத்து வாங்கிற்று. மக்கள் கட்டியதை விற்று, மக்கள் மாண்ட பின்னர், மக்கள் பணத்தையும் கொடுத்து மீட்டனர்.

5

தனியுடைமை ஒன்றே குற்றவாளி என்று கூறிவிட்டாற் கட்டுரையை இங்கேயே முடிக்கலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒன்பதாம் கோபுரத்தை விட்டுவிட்டுப் பதினோராவதை மட்டும் திருத்திய 1993 இல் பாலம் அரசினுடையதாகவே இருந்தது.

பிரித்தானியாவைப் பார்ப்போம். போருக்குப் பின் அங்கே பாடசாலைகளும் மருத்துவமனைகளும் விரைவாகக் கட்டப்பட்டன. காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான ஒருவகைக் கொங்கிறீற்றுப் பலகைகளைக் கூரைக்கு இட்டனர். அதன் ஆயுள் முப்பது ஆண்டளவே எனக் கணிக்கப்பட்டது. முப்பதும் நாற்பதும் கடந்தன, கூரைகள் மாற்றப்படவில்லை. 2018 இற் கென்ற் பகுதியில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் கூரை இடிந்து வீழ்ந்தது. அன்று விடுமுறை நாள் ஆகையாற் பிள்ளைகள் தப்பினர். 2023 ஆகஸ்ட் இறுதியில், புதிய தவணை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளின் கட்டிடங்களை மூடுமாறு அரசு கட்டளையிட்டது. ஆண்டுக்கு 300 முதல் 400 பாடசாலைகளைப் புதுக்க வேண்டியிருக்க, நூற்றுக்கே பணம் கிடைத்ததென்றும், பின்னர் அதுவும் ஐம்பதாகக் குறைக்கப்பட்டதென்றும் கல்வி அமைச்சின் முன்னைநாள் நிரந்தரச் செயலாளர் பகிரங்கமாகக் கூறினார். அங்கே இலாபம் பெற்ற நிறுவனம் இல்லை. சிக்கனம் என்ற பெயரால் ஏழைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் கணக்கைச் சரிக்கட்டிய அரசாங்கமே இருந்தது.

சோசலிச நாடுகள் எனப்பட்டவற்றையும் நாம் விலக்கிவைத்தல் நேர்மையாகாது. ஜேர்மன் சனநாயகக் குடியரசு ட்றெஸ்டன் நகரில் எல்பே ஆற்றின் மேல் கட்டி 1971 இற் திறந்த கரோலாப் பாலத்தின் ஒரு பகுதி, 2024 செப்டெம்பர் 11 ஆம் திகதி அதிகாலையில் ஆற்றில் வீழ்ந்தது. கடைசி ட்றாம் வண்டி சில நிமிடங்களின் முன்னரே கடந்துவிட்டமையால் எவரும் மாளவில்லை. அன்றைய உருக்கு ஒருவகை அரிப்பு வெடிப்புக்கு இலகுவில் இலக்காகக் கூடியது. கட்டும் காலத்திலேயே ஈரம் பட்டு நுண்ணிய வெடிப்புத் தொடங்கிவிட்டது என்று ஆராய்ந்தோர் கண்டனர். பொதுவுடைமை என்னும் பெயர்ப் பலகை துருவைத் தடுப்பதில்லை. பொதுமக்கள் பார்க்கவும் கேட்கவும் உரிமை பெற்ற உடைமையே உண்மையிற் பொதுவுடைமை.

6

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் முடிவு இதுதான். கொங்கிறீற்று நிரந்தரமானது என்ற நம்பிக்கை இயற்கையை அறியாமையால் மட்டும் நிலைக்கவில்லை. அது பலருக்கு வசதியாக இருந்தது. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. துருச் சுரண்டும் விழா எங்கும் நடைபெறுவதில்லை. கட்டுவதற்கு வாக்குக் கிடைக்கும். காப்பதற்கு வாக்குக் கிடையாது. கட்டும் ஒப்பந்தத்தில் பெரும் பணம் கைமாறும்; சுத்தியலோடு சுற்றி வருபவனின் கூலி மிகச் சிறிது. எனவே காக்கும் உழைப்பு கணக்கேட்டின் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டு, நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்படுகிறது. அவ்வெட்டின் வலி பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெரியும். தெரியும் இடமும் வெட்டியவரின் வீடாக இராது.

ஜெனோவாவிற் பழைய பாலத்தின் எஞ்சிய கோபுரங்கள் 2019 ஜூன் 28 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பாலம் 2020 ஆகஸ்ட் 3 இல் திறக்கப்பட்டது. அதன் அடிப்புறத்தை ஓடிப் பார்க்கும் இயந்திரங்களையும், உப்பீரம் படியாது உட்புறக் காற்றை உலர்த்தும் கருவிகளையும் தொடக்கத்திலேயே அமைத்தனர். பாலத்தோடு அதன் பராமரிப்பையும் வடிவமைக்கக் கற்றுக்கொண்டனர் என நாம் மகிழலாம். ஆயினும் இயந்திரம் காண்பதை யார் படிப்பார், படித்ததை யாரிடம் சொல்வார், சொன்னதற்கு யார் பணம் ஒதுக்குவார் என்ற கேள்விகள் இயந்திரத்தோடு தீர்வதில்லை.

நம் தீவு நாற்புறமும் உப்புக் காற்றால் சூழப்பட்டது. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் தம் வகுப்பறையின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக. கம்பி செல்லும் வழியே நேர்கோடாக ஓடும் வெடிப்பும், அதன் ஓரத்திற் பழுப்புக் கறையும் தென்பட்டால், அதன் மேல் வெள்ளை பூச வேண்டாம் என்று சொல்வாராக. மாணவருக்குத் துருவின் இரசாயனத்தைக் கற்பிக்கும் நாளில், அந்தக் கறையையே சுட்டிக்காட்டிக் கற்பிக்கலாம். கடைசியாக இக்கட்டிடத்தைப் பரிசோதித்தது எப்போது, அந்த அறிக்கை எங்கே, திருத்தத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். மொராண்டி 1979 இல் எழுதியதை ஜெனோவா மக்கள் அன்றே படிக்கக் கிடைத்திருந்தால், ஒன்பதாம் கோபுரத்தைப் பற்றி அவர்கள் நாற்பது ஆண்டு மௌனமாக இருந்திருக்க மாட்டார்கள்.